எழுதியது ஒன்று, படித்தது ஒன்றுக்கு

குடியிருப்போர் சங்கத்தில் உங்களைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அல்லது பள்ளியில் சுற்றறிக்கை எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அல்லது புதிதாகக் கடை திறக்கிறீர்கள், பலகைக்கும் நோட்டீஸுக்கும் நாலு வரி வேண்டும். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் முதலில் பயப்படுவது இலக்கணப் பிழைக்குத்தான். ஒற்று விட்டுப்போனால் யாரோ ஒரு தமிழாசிரியர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பிரசாதம் கொடுக்கும் இடத்தில் ‘ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது’ என்று எழுதி ஒட்டிப் பாருங்கள், வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். இத்தனைக்கும் அந்த வரியில் பிழை ஏதும் இல்லை.

இப்படி அர்த்தம் வழுக்கிக் கழிப்பறைக்குள் போய் விழாமல் எழுதுவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். காளமேகப் புலவர் வேண்டுமென்றே சிலேடை பாடினார், அது திறமை. இங்கே பேசப்போவது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் சிலேடையைப் பற்றி.

படி 1: கெட்ட வார்த்தையைத் தேடாதீர்கள்

எழுதி முடித்ததும் அதில் அசிங்கமான சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை. இருக்காது. தெரியாமல் யாரும் கெட்ட வார்த்தை எழுதுவதில்லை. நீங்கள் சந்தேகப்பட வேண்டியது யோக்கியமான சொற்களை.

காரணம் ரொம்பப் பழையது. நாலு பேர் நடுவே சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று பெயர். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்று தொல்காப்பியம் இதற்கு விதியே போட்டிருக்கிறது. நன்னூல் இதைத் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வைத்தது. விதி போட்டவரும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் நடந்திருக்கிறார். பசுவைக் குறிக்கும் ‘ஆ’வோடு ‘பீ’ சேர்ந்து ‘ஆப்பி’ ஆகும், அதாவது சாணம். அந்தப் புணர்ச்சியைச் சொல்ல வந்த இடத்தில் தொல்காப்பியர் இரண்டாவது சொல்லை எழுதவே இல்லை. ‘ஈகார பகரம்’, அதாவது ஈ ஏறிய ப, என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மாட்டுச் சாணத்துக்கே இவ்வளவு கூச்சம் என்றால் மனிதர் விஷயத்தைக் கேட்கவே வேண்டாம்.

விளைவு என்னவென்றால், மறைப்பதற்காக நாம் பயன்படுத்திய அப்பாவிச் சொற்கள் எல்லாம் இப்போது இரட்டை வேலை பார்க்கின்றன. ஒன்று, இரண்டு, வெளியே, கொல்லை, காடு, ஒதுங்குதல், கழித்தல், அவசரம், போதல், வருதல். இடக்கரடக்கலுக்குப் பள்ளிப் புத்தகம் காட்டும் உதாரணமே ‘கால் கழுவி வந்தான்’ என்பதுதான். கோயில் வாசலில் ‘கால் கழுவும் இடம்’ என்று குழாய்க்கு மேலே எழுதியிருப்பதை ஐந்தாம் வகுப்புப் பையன் பார்த்துச் சிரிக்கிறான் என்றால் தப்பு அவன்மேல் இல்லை, இலக்கணம் படித்திருக்கிறான்.

படி 2: சந்தேகப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

எல்லாச் சொல்லையும் சந்தேகப்பட்டால் ஒன்றும் எழுத முடியாது. அடிக்கடி கையும் களவுமாக மாட்டுபவை சிலதான்.

முதலிடம் ‘ஒன்றுக்கு’. ‘நாள் ஒன்றுக்கு மூன்று முறை’, ‘மாதம் ஒன்றுக்கு 500 ரூபாய்’ என்று எழுதுவது அலுவலகத் தமிழின் பழக்கம். வகுப்பில் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டி வளர்ந்த எவருக்கும் இது ஒரு நொடி வேறு மாதிரித்தான் கேட்கும். ‘ஒரு நாளைக்கு’, ‘மாதத்துக்கு’ என்று மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது. கடைக்காரர்கள் ‘ஒன்றுக்கு இரண்டு இலவசம்’ என்று போடுவதை என்ன சொல்ல? ‘ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம்’ என்று எழுத அதே பலகையில் இடம் இருக்கிறது.

அடுத்தது ‘கழி’. இந்த வினைச்சொல்லுக்குத் துணையாக ஒரு செயப்படுபொருள் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விடுமுறையைக் கழிக்கலாம், பொழுதைக் கழிக்கலாம், ஆயிரத்தில் நூறைக் கழிக்கலாம். ஆனால் தமிழில் செயப்படுபொருளை விட்டுவிட்டே பேசும் வசதி உண்டு. ‘உங்கள் விடுமுறைக்கு ஏற்ற இடம்! குடும்பத்தோடு வந்து கழியுங்கள்!’ என்று விடுதிக்காரர் விளம்பரம் எழுதினால், விடுமுறை முந்தைய வாக்கியத்திலேயே நின்றுவிடும். ‘கழியுங்கள்’ தனியாக மாட்டிக்கொள்ளும். ‘குடும்பத்தோடு வந்து விடுமுறையைக் கழியுங்கள்’ என்று ஒட்டி எழுதுங்கள். அதுவும் உறுத்தினால் ‘கொண்டாடுங்கள்’ போதும்.

‘மூலம்’ இன்னொரு தொல்லை. வழியாக, அசல், ஆதாரம், ஒரு நட்சத்திரம், பின்னே ஒரு நோய். தமிழ்நாட்டில் சுவர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஐந்தாவது அர்த்தம்தான் முதலில் வரும், ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரம் இல்லாத ஊர்ச் சுவர் உண்டா? ‘மின்னஞ்சல் மூலம் அனுப்பவும்’ என்பதில் சிக்கல் இல்லை, முன்னால் நிற்கும் சொல் காப்பாற்றிவிடும். வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘மூலம்’ வந்தால்தான் ஆபத்து. சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் ‘மூலம் உள்ளவர்கள் முன்வரிசையில் அமரவும்’ என்று அறிவித்துவிட்டு, ஏன் யாரும் எழுந்து வரவில்லை என்று யோசிக்கக் கூடாது. ‘அசல் சான்றிதழ்’ என்று சொல்லிவிடுங்கள்.

‘பின்புறம்’ வாட்ஸ்அப் காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஆள். ஆதார் அட்டை கேட்டு எழுதும்போது ‘முன்புறம், பின்புறம் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்று எத்தனை பேர் அனுப்புகிறார்கள்! ‘அட்டையின்’ என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் மானம் தப்பிக்கும். படிவத்தில் ‘உங்கள் பின்புறத்தில் கையொப்பமிடவும்’ போன்ற வரி வருவதும் இப்படித்தான். ‘உங்கள்’ என்று மரியாதையாகத் தொடங்க ஆசைப்பட்டு, தாளை மறந்துவிடுகிறார்கள்.

வட்டாரச் சொற்களை ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் பக்கம் கொல்லை என்றால் புன்செய் நிலம், தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம், ‘கொல்லைக்குப் போயிருக்கிறார்’ என்றால் செம்பு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்றும் அர்த்தம். கொங்குநாட்டில் விளைநிலத்தைக் காடு என்பார்கள். ‘தலைவர் காலையிலேயே காட்டுக்குப் போய்விடுவார்’ என்று ஒருவரைப் பற்றி வாழ்த்துமடலில் பெருமையாக எழுதினால், உழைப்பாளி என்று அந்த ஊருக்கு மட்டும்தான் புரியும்.

படி 3: தமிழில் எழுதிய ஆங்கிலச் சொல்லைச் சத்தமாகப் படியுங்கள்

நம் எழுத்தில் ப ஒன்றுதான், க ஒன்றுதான். ஆங்கிலத்தில் வேறு வேறாக ஒலிப்பவை தமிழில் ஒரே உருவத்துக்குள் வந்து அடைந்துகொள்ளும். அந்த உருவம் ஏற்கெனவே நம் ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தால் தீர்ந்தது.

மிகப் பெரிய விபத்து ‘பேண்டு’. சட்டை, பேண்டு என்று துணிக்கடையில் எழுதுகிறார்கள். ‘மாணவர்கள் பேண்டு வாசித்து விருந்தினரை வரவேற்றனர்’ என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறார்கள். பேண்டு என்பது நல்ல பழைய தமிழ் வினையெச்சம், அதன் பொருளை நான் எழுத வேண்டியதில்லை. வழி எளிது: கால்சட்டைக்கு ‘பேன்ட்’ என்று றன்னகரம் போடுங்கள், முடிவில் உகரம் சேர்க்காதீர்கள். இசைக்கு ‘பேண்ட் வாத்தியம்’ என்று மெய்யெழுத்தில் நிறுத்துங்கள், அல்லது வாத்தியக் குழு என்றே எழுதிவிடுங்கள். கடைசி உகரம் ஒன்றால் மாணவர்களின் வரவேற்பு எவ்வளவு மாறிவிடுகிறது பாருங்கள்.

‘கேஸ்’ அடுத்தது. வழக்கும் கேஸ், எரிவாயுவும் கேஸ், வயிற்றில் சேர்வதும் கேஸ். அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ‘கேஸ் பிரச்சினை உள்ளவர்கள் மாலை 6 மணிக்குச் செயலாளரைத் தனியாகச் சந்திக்கவும்’ என்று இருந்தால் செயலாளர்தான் பாவம். சிலிண்டர், வழக்கு, வாய்வு என்று மூன்றுக்கும் மூன்று சொல் நம்மிடம் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் ‘நாளை ஸ்டூல் கொண்டு வாருங்கள்’ என்று சொன்னதும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பற்றிய நகைச்சுவை எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ‘மோஷன் போஸ்டர்’ வெளியிடும் சினிமாக்காரர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. அவர்கள் துணிந்துவிட்டார்கள்.

பேல் பூரியை விட்டுவிடுங்கள். மாற்ற முடியாது. எல்லாரும் ஒருமுறை சிரித்துவிட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் தள்ளுவண்டியில் எழுதும்போது இடம் போதாமல் ‘பேல்’ மேல் வரியிலும் ‘பூரி’ கீழ் வரியிலும் வராமல் பார்த்துக்கொள்ளலாம். அதுகூடவா செய்யக் கூடாது?

எதிர்த்திசையிலும் ஒரு கண் வையுங்கள். பூக்கடைக்காரர் ‘பூ’ என்பதை ஆங்கில எழுத்தில் பி, ஓ, ஓ என்று பலகையில் எழுதினால் உள்ளூரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் கடை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலக் குழந்தைப் பேச்சில் அது ‘ஆய்’.

படி 4: இடைவெளி, வரி முறிவு

நிறைய நேரம் செலவிட வேண்டிய படி இது. எழுதுபவர் சரியாக எழுதியிருப்பார். ஃப்ளெக்ஸ் அடிப்பவர், சுவரில் எழுதுபவர், பக்கம் வடிவமைப்பவர் இவர்கள் கையில்தான் விஷயம் கெடும்.

‘சிறு நீர்வீழ்ச்சி’ என்று எழுதினால் சுற்றுலாத் தலம். ‘சிறுநீர் வீழ்ச்சி’ என்று எழுதினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘சிறு நீர்ப்பாசனத் திட்டம்’ என்பதில் இடைவெளி கொஞ்சம் தள்ளிப் போனால் பயிரின் கதி என்ன? இடைவெளியைச் சரியாக வைப்பதை மட்டும் நம்பாதீர்கள், அடுத்த ஆள் தட்டச்சு செய்யும்போது மாற்றிவிடுவார். ‘சிறிய நீர்வீழ்ச்சி’, ‘சிறுபாசனம்’ என்று இடைவெளி எங்கே போனாலும் கெடாத வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பொது விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: இன்னொருவர் கவனமாக இருந்தால்தான் தப்பும் என்ற வரியை எழுதாதீர்கள்.

‘வாயில்’ இதன் தங்கை. வாயில் என்றால் கதவு இருக்கும் இடம். வாய்க்குள் என்றும் அர்த்தம். ‘கிழக்கு வாயில் கழிப்பறை உள்ளது’ என்று திருமண மண்டபத்தில் அம்புக்குறி போட்டு எழுதுவார்கள். ‘கிழக்கு நுழைவாயில் அருகே’ என்று எழுதக் கூடுதலாக ஒரு விரற்கடை இடம் பிடிக்கும், அவ்வளவே.

வரி முறிவுக்கு வருவோம். செய்தித்தாள் பத்திகளில் தமிழ்ச் சொல்லை எந்த எழுத்தில் வேண்டுமானாலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது பழக்கம், இடையில் கோடுகூடப் போடுவதில்லை. பதாகையிலும் அதே கதை. ‘ஆய்வுக்கூடத் திறப்பு விழா’ என்பது மூன்று வரியாகும்போது முதல் வரியில் ‘ஆய்’ மட்டும் பெரிய எழுத்தில் தனியாக நிற்கக் கூடும். ‘குசுகுசுவென்று பேசினார்’ என்பது எந்த இடத்தில் முறிந்தாலும் கெட்டது, ‘கிசுகிசுத்தார்’ என்று எழுதுங்கள். பீ-யில் தொடங்கும் நல்ல சொற்கள் நிறைய உண்டு: பீன்ஸ், பீட்ரூட், பீர்க்கங்காய், பீங்கான். காய்கறிக் கடை விலைப்பட்டியலில் நெடுக்காக, ஒரு எழுத்தின் கீழ் ஒரு எழுத்தாக, இவற்றை எழுத வேண்டாம்.

கணினியில் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் ஒரு சின்ன வசதி: வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் வரும் இடைவெளியில் வரி முறியாது. ஒன்றாகவே இருக்க வேண்டிய இரண்டு சொற்களுக்கு நடுவே அதைப் போடுங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பும்போது எந்தச் சொல் எந்த வரியில் வர வேண்டும் என்று நீங்களே பிரித்து எழுதி அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் முன் இறுதிப் படத்தை வாங்கிப் பாருங்கள். எழுத்துரு மாற்றும்போது புள்ளியும் கொம்பும் காணாமல் போவது அங்கே நடக்கும்.

எதிர்மறை வாக்கியங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழில் ‘வேண்டாம்’ என்பது எப்போதும் கடைசியில்தான் வரும், இல்லையென்றால் வினைச்சொல்லின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். சுவரில் கீழ்ப்பகுதி பெயின்ட் உதிர்ந்தாலோ யாராவது சினிமா போஸ்டர் ஒட்டினாலோ ‘கூடாது’ மறைந்து, தடை அனுமதியாகிவிடும். இன்னும் மோசமானது இது:

இங்கே சிறுநீர் கழிப்பவர்களுக்கு ரூ.500
அபராதம் விதிக்கப்படும்

முதல் வரியைப் பெரிதாக எழுதி இரண்டாவதைப் பொடியாக எழுதினால் பரிசுத் திட்டம் மாதிரி இருக்கிறது. ‘அபராதம் ரூ.500’ என்று தண்டனையை முதலில் பெரிதாக எழுதி, காரணத்தைக் கீழே வையுங்கள். தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய பிறகு ஊராட்சி எல்லைகளில் திறந்தவெளியில் மலம் கழித்தலற்ற கிராமம் என்று பலகை வைப்பது வழக்கமாயிற்று. இந்தத் தொடரில் ‘அற்ற’ மட்டும் அடுத்த வரிக்குப் போனால் ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லி வரவேற்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாலு சொல்லையும் ஒரே வரியில் அடக்க முடியாவிட்டால், ‘எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கழிப்பறை உண்டு’ என்று நேர்மறையாக எழுதிவிடுவது உத்தமம்.

படி 5: கழிப்பறைக்குள் யார் இருக்கிறார்கள்?

‘கழிப்பறையில்’ என்ற சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது பக்கத்தில் இருக்கும் ஆளை உள்ளே இழுத்துப் போட்டுவிடும். ‘புதிய கழிப்பறையில் கவுன்சிலர் குத்துவிளக்கேற்றி உரையாற்றினார்.’ ‘ரூ.10 லட்சத்தில் கட்டிய கழிப்பறையை அமைச்சர் பயன்படுத்தித் தொடங்கி வைத்தார்.’ இரண்டாவதில் ‘மக்கள் பயன்பாட்டுக்கு’ என்று இருந்திருக்க வேண்டும், தலைப்பில் இடமில்லாமல் சுருக்கியிருப்பார்கள். திறப்பு விழாவுக்கு ‘திறந்து வைத்தார்’ போதும். உரையை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் அவர் வெளியே வந்துவிடுவார்.

நெடுஞ்சாலை உணவகக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாடும் கழிப்பறையும் ஒரே பலகையில் இருக்கலாம், ஒரே வரியில் வேண்டாம். ‘சுத்தமான கழிப்பறை சுவையான உணவு’ என்று நடுவில் காற்புள்ளி இல்லாமல் எழுதினால் வேகமாக ஓடும் வண்டியில் இருப்பவர் இரண்டையும் சேர்த்தே விழுங்குவார்.

படி 6: எழுத்து, சுருக்கெழுத்து

‘திரைத்துறையில் முத்திரை பதித்தவர்’ என்பது பதாகைகளில் தேய்ந்துபோன பாராட்டு. மு, மூ இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம். சுவரில் தூரிகை கொஞ்சம் நீண்டால் பாராட்டு நாறிவிடும். ‘மூத்த திரைக்கலைஞர்’ என்பதும் அப்படியே, அவசரத்தில் தட்டச்சு செய்பவர் ஒரு தகரத்தை விழுங்கினால் போதும். ‘தனி இடம் பிடித்தவர்’, ‘முன்னோடிக் கலைஞர்’ என்று போட்டுவிட்டுத் தூங்கலாம். ‘மனம் திறந்து பேசினார்’, ‘மனச்சிக்கல் தீர ஆலோசனை’ போன்றவற்றில் ன என்பது ல ஆகாமல் பார்க்க வேண்டும். குரலில் சொல்லித் தட்டச்சு செய்பவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

பெயர்களைச் சுருக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நல்ல பெயர். அதைக் கோப்பில் முதலெழுத்துகளாகச் சுருக்கினால் என்ன வருகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: படிப்பவர் எந்த ஊர்?

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கடைக் கண்ணாடியில் ‘20% கழிவு’ என்று இருந்தால் அது விலைத் தள்ளுபடி. சென்னைக்காரர் அதைப் பார்த்துப் பின்வாங்குவார். அதே மாதிரி ‘நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம்’ என்றால் இலங்கைத் தமிழில் புறப்பட்டுவிட்டோம் என்று பொருள், ‘வெளிக்குப் போதல்’ மட்டும்தான் மற்றது. தமிழ்நாட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். இதில் யாரும் தவறாக எழுதவில்லை, திருத்தவும் ஒன்றுமில்லை. இரண்டு நாட்டுக்கும் போகும் திருமண அழைப்பிதழிலோ இணையக் கடையிலோ மட்டும் ‘விலைக்கழிவு’, ‘புறப்பட்டோம்’ என்று இரு பக்கமும் புரியும் சொல்லைப் போட்டால் போதும்.

படி 8: பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள்

உங்கள் வரியை நீங்கள் எத்தனை முறை படித்தாலும் உங்கள் கண்ணுக்கு நீங்கள் நினைத்ததுதான் தெரியும். பெரியவர்களிடம் காட்டினால் பார்த்தும் பார்க்காத மாதிரி ‘நல்லா இருக்கு’ என்பார்கள், மரியாதை. நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே வாயைப் பொத்துகிறதோ அங்கே திருத்துங்கள். அந்த வயதுக்கு இந்த விஷயத்தில் இருக்கும் கூர்மை வேறெந்த வயதுக்கும் கிடையாது. வீட்டில் அந்த வயதில் யாரும் இல்லையென்றால், கல்லூரி விடுதியில் இருந்தவர் யாராவது கிடைப்பார்.

படி 9: மறைக்கக் கூடாத இடம்

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் தப்பு. மருத்துவக் குறிப்பு, ஆய்வுக்கூட அறிவுரை, குழந்தை பராமரிப்புத் துண்டுப்பிரசுரம், இவற்றில் கூச்சப்பட்டால் யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போகும். ‘நாள் ஒன்றுக்கு மூன்று முறைக்கு மேல் வெளியே போனால் மருத்துவரை அணுகவும்’ என்று எழுதினால் கடைக்குப் போய்வருபவர்கூட யோசிப்பார். ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகியோ தண்ணீராகவோ மலம் போனால் அது வயிற்றுப்போக்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதை அப்படியே எழுதுங்கள். மலம், சிறுநீர் இரண்டும் அச்சில் வரத் தகுந்த, எல்லாருக்கும் புரிகிற சொற்கள்.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு ‘முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவும்’ என்று மட்டும் எழுதிக் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தால், வந்தவர் வரிசையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்தாலும் நினைப்பார். ‘முதலில் கொஞ்சம் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, அடுத்து வருவதை டப்பாவில் பிடியுங்கள்’ என்று எழுதினால் அதில் சிரிக்க எதுவுமே இல்லை. ஸ்டூல் நகைச்சுவைக்கும் இதுதான் மருந்து. ‘மல மாதிரி’ என்று எழுதியிருந்தால் முக்காலி வீட்டிலேயே இருந்திருக்கும். இரட்டை அர்த்தம் பிறப்பது மறைக்கிற இடத்தில்தான், வெளிப்படையாக எழுதிய வரியில் அதற்கு உட்கார இடமில்லை.

படி 10: போய்ச் சேர்ந்துவிட்டால்

வாட்ஸ்அப் என்றால் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். அழிப்பதைவிடத் திருத்துவதே நல்லது. ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று பார்த்ததும், அதுவரை கவனிக்காதவர்களும் என்ன இருந்தது என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். நேரம் தாண்டிவிட்டதென்றால் சரியான வரியைப் புதிதாக ஒருமுறை போடுங்கள். ‘நான் சொல்ல வந்தது அதுவல்ல’ என்று விளக்கம் மட்டும் எழுதாதீர்கள், புரியாத நாலு பேருக்கும் நீங்களே புரியவைத்துவிடுவீர்கள்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, பிழை ஒரே ஒரு சொல்லில் என்றால் அந்த அளவுக்கு வெள்ளை ஸ்டிக்கர் அடித்து ஒட்டலாம். ஆனால் ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காத விருந்தினரை நான் கண்டதில்லை, எனவே ஓரத்தில் நன்றாகப் பசை தடவுங்கள். ஃப்ளெக்ஸ் என்றால் கழற்றிவிட்டு வேறு அடியுங்கள். சுவர் என்றால் முதலில் வெள்ளையடித்துக் காயவிட்டு, அப்புறம் எழுதச் சொல்லுங்கள். ஈரத்தோடு எழுதினால் ஒரே மழையில் பழைய எழுத்து உள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.